காப்பியும் கோப்பியும்: சரயேவோவில் மூன்று நாட்கள்

சில ஊர்ப் பெயர்கள் காலப்போக்கில் வசைச்சொல்லாகி விடுகின்றன. 'பால்கன்' அப்படி ஆகிப்போன ஒரு பெயர். ஒரு நாடு துண்டு துண்டாக உடைந்தால் 'பால்கனைசேஷன்' என்று உலகெங்கும் சொல்கிறார்கள். இந்தியா விடுதலை பெற்ற புதிதில் இந்தச் சொல் டெல்லியில் அடிக்கடி அடிபட்டது. தெலுங்கரும் தமிழரும் கன்னடரும் மராத்தியரும் மொழிவாரி மாநிலம் கேட்டபோது, அப்படிக் கொடுத்தால் இந்தியாவும் பால்கன் நாடுகளைப் போல் சிதறிவிடும் என்று பெரிய தலைவர்களே அஞ்சினார்கள். 1948-ல் தார் கமிஷன் மொழியை வைத்துப் பிரிக்க வேண்டாம் என்றது. நேரு, படேல், பட்டாபி சீதாராமையா மூவரும் அடங்கிய குழு 1949-ல் தள்ளிப்போடலாம் என்றது. 1960-ல்கூட செலிக் ஹாரிசன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதிய நூல், மொழிச் சண்டைகள் இந்தியாவை உடைத்துவிடுமோ என்ற கேள்வியைப் பெரிதாக எழுப்பியது.

நடந்தது என்ன? மொழிவாரியாகப் பிரித்த இந்தியா உடையவில்லை. பல மொழிகள் இருந்த யூகோஸ்லாவியா உடைந்தது. அங்கே மிகக் கொடிய சண்டை நடந்தது வேற்று மொழிக்காரர்களுக்குள் அல்ல, ஒரே மொழி பேசியவர்களுக்குள்தான். இதைப் புத்தகத்தில் படிப்பது ஒன்று. அந்த ஊர்த் தெருவில் நடந்து பார்ப்பது வேறு. சென்ற ஆண்டு பொஸ்னியாவின் தலைநகர் சரயேவோவுக்கு முதல் முறையாகப் போய் மூன்று இரவுகள் தங்கி வந்தேன். பார்த்ததைச் சொல்கிறேன், அதிலிருந்து ஜெர்மனியில் வாழும் நமக்கு எழும் ஒரு கேள்வியையும் முன்வைக்கிறேன்.

எல்லையோரத்துப் பிள்ளை

முதலில் நான் எங்கிருந்து பார்க்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எனது ஊர் பங்காருபாளையம். ஆந்திரத்தில் சித்தூர் மாவட்டத்தில், சென்னையிலிருந்து பெங்களூர் போகும் சாலையில், சித்தூருக்கும் பலமனேருக்கும் நடுவே இருக்கிறது. 'பங்காரு' என்றால் தெலுங்கில் பொன். 'பாளையம்' இரண்டு மொழிக்கும் பொது. மாம்பழத்துக்குப் பேர் போன வட்டாரம். கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் நாம் சொல்கிற தோத்தாபுரி மாங்காய் பருவத்தில் லாரி லாரியாக மண்டிக்கு வந்து இறங்கும். இங்கே கடைகளில் நீங்கள் வாங்கும் மாம்பழக்கூழ் டப்பாவுக்குள் இருப்பது எங்கள் மாவட்டத்துப் பழமாகவும் இருக்கலாம். மண்டியில் பேரம் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடியும். இடையில் கோபம் வந்தால் அது எந்த மொழி என்று பேசுகிறவருக்கே தெரியாது.

சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டம் ஆயிற்று. தனி ஆந்திரம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் உயிர் துறந்தார். ஆந்திரப் பகுதியெங்கும் கலவரம் மூண்டது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் அதோடு போயிற்று. தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நிலத்தின் வட எல்லையாகச் சொன்ன வேங்கடமே கையை விட்டுப் போகிறதே என்று ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார். மறியலும் தடியடியும் சிறையும் இருந்தன, உயிர்ப்பலியும் உண்டு. பிறகு படாஸ்கரை நடுவராக வைத்துக் கிராமம் கிராமமாகப் பார்த்து எல்லையைத் திருத்தினார்கள். அது 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. திருப்பதியும் சித்தூரும் எங்கள் பங்காருபாளையமும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன.

இந்தத் தீர்ப்பில் இரு தரப்புக்கும் மனக்குறை இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் நடக்கவில்லை. "நீ தமிழன், மூட்டையைக் கட்டு" என்று எங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. கோடு இடம் மாறியது. குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. என் தாத்தா கடைக்கணக்கைத் தமிழில் எழுதினார். என் அப்பா தெலுங்குப் பள்ளியில் படித்துவிட்டு வீட்டில் தமிழ் பேசினார். எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல; அம்மா சித்தூரிலிருந்து வரவழைத்த வாரப் பத்திரிகைகள். இதில் இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். பள்ளியில் இடம் இல்லாத மொழி மூன்று தலைமுறையில் சமையலறை மொழியாகச் சுருங்கிவிடும் என்பதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் மொழி சுருங்கிய வீட்டிலும் விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்தான் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டார். மாவட்டத்தின் கோடியில் மூன்று மாநிலங்கள் சேரும் குப்பத்தில் 1997-ல் திராவிடப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டதையும் சொல்ல வேண்டும். எல்லைக்காகச் சண்டை போட்ட மண்ணில் தென்மொழிகள் அனைத்தையும் படிக்க ஓர் இடம் வந்தது.

மலை சூழ்ந்த நகரம்

என்னுடன் வேலை பார்க்கும் பொஸ்னியர் ஒருவர், "ஒரு தடவை எங்கள் ஊரை வந்து பாருங்கள்" என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போர்க்காலத்தில் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பொஸ்னிய அகதிகளில் அவரும் ஒருவர். நம் ஈழத்துச் சகோதரர்கள் பலர் அனுபவித்த அதே தற்காலிக அனுமதி, அதே காத்திருப்பு. போர் முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. எங்கள் நண்பர் எப்படியோ தங்கிவிட்டார். அவர்தான் எனக்கு வழிகாட்டி.

சரயேவோ நான்கு புறமும் மலைகள் சூழ்ந்த நீளமான நகரம். நடுவே மில்யாட்ஸ்கா என்ற சிற்றாறு. பாஷ்சார்ஷியா என்ற பழைய கடைவீதியில் செம்புப் பாத்திரம் தட்டும் ஓசை கேட்டபோது நம் ஊர்ப் பாத்திரக் கடைத்தெரு நினைவுக்கு வந்தது. 1531-ல் கட்டிய காஸி ஹுஸ்ரவ் பேக் மசூதி, பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம், 16-ஆம் நூற்றாண்டு யூத ஆலயம், 1889-ல் கட்டி முடித்த கத்தோலிக்கப் பேராலயம் நான்கையும் கால் மணி நேர நடையில் பார்த்துவிடலாம். பாங்கோசையும் தேவாலய மணியும் ஒரே நேரத்தில் காதில் விழும். ஐரோப்பியப் பயணிகள் இதை அதிசயமாகப் படம் எடுக்கிறார்கள். நம் நாட்டில் எந்தத் தாலுகா தலைநகரில் பிறந்தவருக்கும் இது புதிதல்ல.

ஆற்றின் மேல் லத்தீன் பாலம் என்று ஒரு சிறிய கல் பாலம். அதன் முனையில்தான் 1914 ஜூன் 28 அன்று கவ்ரிலோ பிரின்சிப் என்ற இளைஞன் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் சுட்டான். முதல் உலகப் போர் அதிலிருந்து வெடித்தது. மூன்று மாதம் முடிவதற்குள், செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளின் மேல் குண்டு போட்டது. சாமர்த்தியசாலியை 'சரியான எம்டன்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அதிலிருந்து வந்ததுதான். இந்தப் பாலத்துக்கும் நம் பேச்சு வழக்குக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது என்று சொன்னேன். நண்பர் நம்பவேயில்லை.

போக நினைக்கும் நம்மவர்களுக்கு இரண்டு குறிப்புகள். சைவ உணவுக்காரர்கள் 'புரெக்' என்று கேட்காதீர்கள். பொஸ்னியாவில் அந்தப் பெயர் இறைச்சி வைத்ததற்கு மட்டும்தான். பாலாடைக்கட்டி வைத்தது சிர்னிட்சா, கீரை வைத்தது ஸெல்யானிட்சா, உருளைக்கிழங்கு வைத்தது க்ரொம்பிருஷா. கடைசியது நம் சமோசாவுக்குத் தூரத்து உறவு. இன்னொன்று, ஜெர்மன் மார்க்கை நினைத்து ஏங்குகிறவர்கள் இங்கே வந்தால் மகிழ்வார்கள். ஜெர்மனியில் 2002-ல் புழக்கத்தை விட்டுப் போன மார்க்கின் பெயரும் மதிப்பும் பொஸ்னியாவில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க், அதே பழைய கணக்கு.

ஒரு காப்பிக்கு மூன்று பெயர்

செம்புக் கிண்டியில் நுரை பொங்க வரும் பொஸ்னியக் காப்பி நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். அதைப் பொஸ்னியாக்கர்கள் 'கஹ்வா' என்கிறார்கள். செர்பியர்கள் 'கஃபா' என்கிறார்கள். குரோஷியர்கள் 'கவா' என்கிறார்கள். ரொட்டிக்கும் இப்படியே சிறு வேறுபாடு. இலக்கணம் ஒன்று, வாக்கியம் ஒன்று, ஒருவர் பேசுவது மற்றவருக்கு முழுக்க விளங்கும். செர்பியர்கள் சிரிலிக் எழுத்தையும் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் கண்ணில் படும் பெரிய வேறுபாடு. 1954-ல் நோவி ஸாத் நகரில் கூடிய அறிஞர்கள் இது ஒரே மொழி, இரண்டு எழுத்து என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். இன்று அது பொஸ்னிய மொழி, குரோஷிய மொழி, செர்பிய மொழி என்று மூன்று அரசு மொழிகள். மாண்டினீக்ரோவையும் சேர்த்தால் நான்கு.

பொஸ்னியாவில் ஒரு வேடிக்கையைப் பலரும் சொல்வார்கள். 'புகைத்தல் கொல்லும்' என்ற எச்சரிக்கையைச் சிகரெட் பெட்டியில் மூன்று மொழியிலும் அச்சிட்டார்கள். முதல் வரி 'புஷெஞே உபியா'. இரண்டாவது வரியும் எழுத்துப் பிசகாமல் 'புஷெஞே உபியா'. மூன்றாவது வரியும் அதேதான், சிரிலிக் எழுத்தில். மூன்று இனத்தாரையும் சமமாக எச்சரித்தாக வேண்டுமே!

பணத்தாளிலும் இதே கதை. ஐம்பது மார்க் நோட்டு இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்றில் மூசா சாஸிம் சாதிச் என்ற கவிஞர்; மற்றொன்றில் யோவன் டூசிச் என்ற கவிஞர். இரண்டும் நாடு முழுதும் செல்லும். 1961-ல் நோபல் பரிசு பெற்ற இவோ ஆண்ட்ரிச் மட்டும் இருநூறு மார்க் நோட்டில் எல்லோருக்கும் பொதுவாக நிற்கிறார். ஆட்சியும் அப்படியே. போரை நிறுத்திய 1995 டேட்டன் ஒப்பந்தப்படி, பொஸ்னியாக்கர் ஒருவர், குரோஷியர் ஒருவர், செர்பியர் ஒருவர் என மூவர் சேர்ந்து ஜனாதிபதி. எட்டு மாதத்துக்கு ஒரு முறை தலைமை மாறும். இந்த மூன்றிலும் சேராதவர் போட்டியிட முடியாது என்பது தவறு என்று, ஒரு யூதரும் ஒரு ரோமாவும் தொடுத்த வழக்கில் ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் 2009-ல் தீர்ப்புச் சொன்னது. ரோமா மக்களின் முன்னோர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதை வாசகர்கள் அறிவீர்கள்.

எரிந்த இரண்டு நூலகங்கள்

வேடிக்கை இதோடு முடிகிறது. 1992 ஏப்ரல் தொடங்கி 1996 பிப்ரவரி வரை 1,425 நாட்கள் இந்த நகரம் முற்றுகையில் இருந்தது. சுற்றியிருந்த அழகான மலைகளில்தான் பீரங்கிகள் நின்றன. விமான நிலையத்தின் அடியில் 1993-ல் தோண்டிய எண்ணூறு மீட்டர் சுரங்கப் பாதை வழியாகத்தான் அரிசியும் மருந்தும் உள்ளே வந்தன. அதில் இருபது மீட்டர் போலக் குனிந்து நடந்து பார்க்கலாம். குண்டு விழுந்து சிதறிய நடைபாதைப் பள்ளங்களில் சிவப்புப் பிசின் ஊற்றி வைத்திருக்கிறார்கள். 'சரயேவோ ரோஜா' என்று பெயர். முற்றுகை தொடங்கி இருபது ஆண்டுகள் ஆனபோது, 2012 ஏப்ரல் 6 அன்று, இறந்தவர்களுக்காகப் பிரதான வீதியில் 11,541 சிவப்பு நாற்காலிகளைக் காலியாகப் போட்டு வைத்தார்கள். அவற்றில் சிறு நாற்காலிகள் பிள்ளைகளுக்கானவை. நாடு முழுதும் கணக்கெடுத்தால், 44 லட்சம் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் நடக்காதது இங்கே நடந்தது. மக்கள் இருக்கிற இடத்தைப் பார்த்துக் கோடு போடாமல், கோட்டுக்கு ஏற்றபடி மக்களைத் துரத்தினார்கள்.

ஆற்றங்கரையில் 'வியெச்னிட்சா' என்ற பெரிய மாளிகை. தேசிய நூலகம் அதில்தான் இருந்தது. 1992 ஆகஸ்ட் 25 இரவு மலையிலிருந்து குண்டு வீசி அதை எரித்தார்கள். எரியும்போதே மக்கள் உள்ளே ஓடிப் புத்தகங்களைக் கை மாற்றிக் கை மாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். நூலகப் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். இருபது லட்சம் நூல்களும் இதழ்களும் ஆவணங்களும் அழிந்தன என்று வாசலில் கல்வெட்டு சொல்கிறது. கட்டடத்தைப் புதுப்பித்து 2014 மே 9 அன்று திறந்தார்கள். கூரைக் கண்ணாடியில் வண்ணம் ஒளிர்கிறது. ஆனால் புத்தகங்கள் திரும்பி வரவில்லை.

யாழ்ப்பாணத்தை நினைக்காமல் எந்தத் தமிழரும் அந்தப் படியில் நிற்க முடியாது. 1981 மே 31 இரவுக்குப் பின் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலானதை மறக்க நம்மால் முடியுமா? நூலகத்தை எரிக்கிறவன் வெறும் தாளை எரிப்பதில்லை. இந்த ஊரில் நீ இருந்ததே இல்லை என்று சொல்லப் பார்க்கிறான்.

அந்தக் கல்வெட்டில் எரித்தவர்களைச் 'செர்பியக் குற்றவாளிகள்' என்று குறித்திருக்கிறார்கள். குற்றம் செய்தவர்களைக் குற்றவாளி என்பது சரிதான். ஆனால் அதே முற்றுகைக்குள் இருந்துகொண்டு நகரைக் காத்த படைத்தலைவர்களில் ஒருவரான யோவான் திவ்யாக் பெல்கிரேடில் பிறந்த செர்பியர். போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்காகக் கடைசி வரை உழைத்தார், 2021-ல் மறைந்தார். "அவரையும் சேர்த்துத்தான் நான் எங்கள் ஆட்கள் என்று சொல்வேன்" என்றார் நண்பர்.

அதே 1956

இப்போது இந்த மூன்று மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1956 ஜூனில் இலங்கைப் பாராளுமன்றம் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டத்தை நிறைவேற்றியது. அதே 1956 நவம்பர் 1 அன்று இந்தியா மாநிலங்களை மொழிவாரியாகத் திருத்தி அமைத்தது. ஒரு நாடு பல மொழிக்கும் வீடு கொடுத்தது. மற்றொன்று ஒரு மொழிக்கு மட்டும் கொடுத்தது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்; உங்களில் பலர் இங்கே வந்து சேர்ந்த கதையே அதுதான்.

மொழி ஒன்றாயிருந்தால் மட்டும் போதுமா? போதாது. ஆந்திரமும் தெலங்கானாவும் ஒரே தெலுங்கு பேசின. 2014 ஜூன் 2 அன்று பிரிந்தன. நீரிலும் வேலையிலும் நியாயம் கிடைக்கவில்லை என்ற மனக்குறையை ஒரே மொழியால் ஆற்ற முடியவில்லை. ஆனாலும் அந்தப் பிரிவு பாராளுமன்றத்தில் நடந்தது, பீரங்கியால் அல்ல. நம் தமிழிலும் மறக்கக்கூடாத ஒரு பக்கம் இருக்கிறது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்கள் பேசியதும் தமிழ்தான். எழுபதினாயிரத்துக்கும் அதிகமானவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு புத்தளம் பக்கம் போனார்கள். மொழி ஒன்று என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை.

ஆகவே எனக்குத் தெளிவாகப் படுவது இதுதான். மக்கள் பிரிவது மொழி வேறு என்பதால் அல்ல. சேர்வது மொழி ஒன்று என்பதாலும் அல்ல. பக்கத்து வீட்டான் பேச்சுக்கும் பிள்ளைக்கும் இடம் உண்டா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த இடம் முதலில் தெரிவது பள்ளிக்கூடத்தில்.

ஒரே கூரை, இரண்டு பள்ளி

சரயேவோவை விட்டுச் சற்றுத் தள்ளி, நடு பொஸ்னியாவிலும் தெற்கிலும் 'ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளி' என்று ஓர் ஏற்பாடு உண்டு. போருக்குப் பின் அகதிகள் ஊர் திரும்பியபோது தற்காலிகமாகச் செய்தது. ஒரே கட்டடம், ஆனால் பொஸ்னியாக்கப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, குரோஷியப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. பாடநூல் வேறு, தலைமையாசிரியர் வேறு. சில இடங்களில் வாசலும் வேறு, முற்றத்தில் நடுவே வேலியும் உண்டு. தற்காலிகம் என்று தொடங்கியது இருபது ஆண்டு கடந்தும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் நீடித்தது. காரணம் கேட்டால், அவரவர் தாய்மொழியில் படிக்கும் உரிமை என்றார்கள். கஹ்வாவுக்கும் கவாவுக்கும் நடுவில் ஒரு வேலி!

இதில் நெஞ்சுக்கு ஆறுதலான ஒரு செய்தியும் உண்டு. யைட்ஸே என்ற சிற்றூரில் பிள்ளைகள் சேர்ந்து படித்துக்கொண்டிருந்த உயர்நிலைப் பள்ளியைப் பிரித்துப் புதிதாக ஒன்று தொடங்கப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். 2016-லும் 2017-லும் மாணவர்களே தெருவுக்கு வந்தார்கள். எங்களைப் பிரிக்காதீர்கள் என்றார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 2018-ல் அந்தப் பிள்ளைகளுக்கு ஐரோப்பாவின் மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் விருது கிடைத்தது. 1943-ல் டிட்டோவின் தோழர்கள் கூடிக் கூட்டாட்சி யூகோஸ்லாவியாவுக்கு அடிக்கல் நாட்டிய அதே ஊர் அது. பெரியவர்கள் கட்டிய நாடு நிலைக்கவில்லை. பிள்ளைகள் காத்த பள்ளி நிலைத்தது. 2017 மார்ச்சில் சரயேவோவில், நாம் பேசுவது பொதுவான ஒரு மொழியே என்று அறிவித்த அறிக்கையில் நான்கு நாட்டு எழுத்தாளர்களும் மொழியறிஞர்களும் கையெழுத்திட்டார்கள். பெயரை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பிரிக்க அதைச் சாக்காக்காதீர்கள் என்பதே அதன் சாரம்.

நம் வாடகைக் கூடத்தில்

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் வாழும் நகரத்தில் சனிக்கிழமை தோறும் ஒரே கட்டடத்தில் இரண்டு தமிழ் வகுப்புகள் நடக்கின்றன. ஒன்று தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு, ஒன்று ஈழத்துப் பிள்ளைகளுக்கு. பாடநூல் வேறு, தேர்வு வேறு, ஆண்டு விழா வேறு. பல நகரங்களில் இதே நிலைதான் என்று வாசகர்கள் சொல்லக் கேட்கிறேன். இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. ஈழத்துப் பெற்றோர் கையில் ஒன்றும் இல்லாமல் வந்து, இந்த நாட்டில் தமிழ் வகுப்பு என்ற ஒன்றையே முதலில் தொடங்கி, பல ஆண்டுகள் சம்பளமில்லாமல் நடத்தியவர்கள். பின்னால் கணினி வேலைக்கு வந்த நாம் அவர்கள் போட்ட பாதையில் நடக்கிறோம். அந்த நன்றியை முதலில் சொல்ல வேண்டும்.

ஆனால் இடைவேளையில் நடைக்கூடத்தில் நின்று கேளுங்கள். இந்த அறைப் பிள்ளையும் அந்த அறைப் பிள்ளையும் சந்தித்தால் பேசிக்கொள்வது ஜெர்மன் மொழியில். இரண்டு பேரும் தமிழ் படிக்க வந்தவர்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது தமிழ். ஆனால் அதைப் பேச அவர்களுக்குப் பழக்கம் இல்லை. "அவங்க தமிழ் வேற மாதிரி" என்கிறது ஒரு பிள்ளை. "அவையின்ர தமிழ் விளங்காது" என்கிறது மற்றது. காப்பிக்கும் கோப்பிக்கும் நடுவே நாமும் ஒரு சின்ன வேலி போட்டிருக்கிறோம். இங்கே யாரும் யாரையும் சுடப் போவதில்லை. இழப்பு வேறு விதமானது. ஆந்திர எல்லையில் பள்ளி இல்லாததால் மூன்று தலைமுறையில் சுருங்கிய தமிழ், இங்கே பள்ளி இருந்தும் ஒரே தலைமுறையில் சுருங்கிவிடும்.

"பேச்சு வழக்கு வேறு, பாடத்திட்டம் வேறு, எப்படிச் சேர்ப்பது?" என்று கேட்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஈழத்துப் பிள்ளைக்குத் தன் ஊர்ப் பேச்சு கேலிக்கு ஆளாகுமோ என்ற பயம் உண்டு. சினிமாத் தமிழ் எல்லாவற்றையும் மூடிவிடுமோ என்ற பயமும் உண்டு. நியாயமான பயம்தான். எனவே இரண்டு வகுப்பையும் கலைத்துவிடச் சொல்லவில்லை. மூன்று சிறிய காரியங்கள் போதும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பொது வகுப்பு. அன்று ஒரு வழக்கில் பேசுகிறவர் மற்ற வழக்கைக் கேட்டுக் கற்க வேண்டும். இரண்டாவது, இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து எழுதும் ஒரு சொல் ஏடு: காப்பி, கோப்பி, ரயில், புகையிரதம், சன்னல், யன்னல், எங்கள் எல்லையோரத் தமிழில் இருந்தும் பத்துச் சொல் தர நான் தயார். மூன்றாவது, வருகிற பொங்கலுக்கு ஒரே அடுப்பு, ஒரே மேடை. அந்த மேடைக்குத் தமிழ் பேசும் முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களையும் வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டும். அடுத்த தெருவில் இருக்கும் தெலுங்கு, கன்னட, மலையாளக் குடும்பங்களையும் அழைத்தால் பங்காருபாளையத்துக்காரனுக்கு மகிழ்ச்சி.

பெரியவர்கள் சேர்ந்து பேசி முடிவெடுக்கத் தயங்கினால், யைட்ஸே மாணவர்களை நினைத்துக்கொண்டு நம் பிள்ளைகளிடமே கேட்டுவிடலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, சேர்ந்து படிக்க விருப்பமா என்று கேளுங்கள். என்ன சொல்வார்கள் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி நம் சங்கச் செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். மாறுபட்ட கருத்து உடையவர்கள் இதே பக்கத்தில் எழுதுங்கள். படித்துப் பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.